நெய்தலுக்குள் ஒரு பாலை

பறக்கும் விமானத்தை ரசிப்பவர்கள் எங்கும் உண்டு. நிற்கும் விமானத்தை, அதிலும் அது நிற்கும் காலத்தில் அதன் இன்ஜினைத் துருவேறாமல் காக்கின்ற வித்தையை ரசிப்பவர்கள் அபூர்வம். அந்த அபூர்வமான கூட்டத்தில் என்னைச் சேர்த்தது பம்மலின் காற்று என்றே சொல்லவேண்டும். கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் வங்கக் கடலும், வடக்கே அனகாபுத்தூரை ஒட்டி அடையாறும் இருக்க, இடையில் கிடக்கும் இந்த ஊரில், ஜன்னல் கம்பிக்கு எத்தனை ஜாக்கிரதையாக வர்ணம் பூசினாலும், ஒரு மழைக்காலம் கழிவதற்குள் செம்புள்ளிகள் கிளம்பிவிடுகின்றன. பக்கத்திலேயே மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானங்களுக்கும் இதே காற்றுதான்.

பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை வட்டாரத்தில் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டு வந்தவர்களுக்கு உப்பின் குணம் நன்றாகத் தெரியும். பச்சைத் தோலின்மேல் தூவிய உப்பு, அதிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு அதை அழுகாமல் காக்கிறது. அதே உப்பு கடற்காற்றில் ஏறி வந்து உலோகத்தின்மேல் படிந்ததோ, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியவுடன் காற்றிலிருந்து நீரை வாங்கி, தானும் அதில் கரைந்து, உலோகத்தை அரிக்கும் திரவமாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் இங்கே ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டுவது சகஜம். எஃகுக்கோ 60 சதவீதமே ஆபத்தின் வாசல். 40-க்குக் கீழே இறக்கிவிட்டால் அரிப்பு ஏறக்குறைய நின்றுபோகும். சுத்தமான இரும்பைவிட அழுக்கும் உப்பும் படிந்த இரும்பே வெகு சீக்கிரம் கெடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக் கடலோரத்தில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிறுத்திவைத்து அரிப்பை அளந்து வந்ததன் அவசியம் விளங்கும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினால் உலகத்து விமானங்கள் ஒரே சமயத்தில் தரையிறங்கிய பிறகு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பெரிய விமானங்களில் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பியது. உலர்ந்த காற்றை நாடிப் போன பயணம் அது. நம் நாட்டிலோ மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் பறக்காமல், அவை நின்றிருந்த ஊர்களின் காற்றையே சகித்துக்கொண்டு நின்றன. பாலைக்குப் போக வழியில்லாத இன்ஜினுக்காக நெய்தல் நிலத்திலேயே, அந்த இன்ஜினின் வயிற்றுக்குள், ஒரு சிறு பாலையைச் சிருஷ்டிப்பதுதான் இந்தக் கலையின் சாரம்.

இந்தக் கலை தன் முழு அழகோடு விளங்குவது, என் அபிப்பிராயத்தில், பெரிய ஜெட் இன்ஜினைவிடப் பயிற்சி விமானங்களின் சிறிய பிஸ்டன் இன்ஜினில்தான். பெட்ரோல் எரியும்போது நீராவியும் அமிலங்களும் பிறந்து எண்ணெயில் கலக்கின்றன. வானில் நெடுநேரம் பறந்தால் எண்ணெய் சூடேறி அந்த நீர் ஆவியாகிப் போகும். நிற்கிற விமானத்தை வாரம் ஒருமுறை தரையிலேயே ஐந்து நிமிஷம் ஓட்டிவைத்தால் நல்லது என்று எண்ணுவது இயல்பு; ஆனால் எண்ணெய் போதிய சூடு ஏறுமுன் நிறுத்துவதால், அது உள்ளே நீரைச் சேர்ப்பதாகவே முடிகிறது. ஆகவே நெடுநாள் ஓய்வு என்றால், துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, மேல் வரிசை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் வேளை பார்த்து, சூடான எண்ணெயைப் பனிமூட்டம்போல் தெளிக்கிறார்கள். எல்லாச் சிலிண்டரும் முடிந்த பிறகு, புரொப்பெல்லரைச் சுழற்றாமல், இன்னொரு முறையும் தெளிக்கிறார்கள்.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்று எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு டெக்னீஷியன், இந்த இடத்துக்கு வரும்போது குரலை உயர்த்திவிடுவார். "இனிமே புரொப்பெல்லர்ல யாரும் கை வைக்கக் கூடாது சார். ஒரு சுத்து சுத்தினா போச்சு, தெளிச்ச எண்ணெய் அத்தனையும் பிஸ்டன் வழிச்சு எடுத்துடும்" என்பார். அதற்காகவே புரொப்பெல்லரில் சிவப்பு அட்டையொன்று கட்டித் தொங்கவிடப்படுகிறது. சும்மா நிற்கும் யந்திரத்தைத் தொட்டு அசைத்துப் பார்க்கும் கையின் ஆசையை அடக்குவதும் இந்த வித்தையின் ஒரு பகுதி.

ஸ்பார்க் பிளக் இருந்த துவாரத்தில் இப்போது உலர்த்தும் பிளக் திருகப்படுகிறது. கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் குழாய். அதற்குள் சிலிக்கா ஜெல் மணிகள். அமெரிக்க ரசாயன அறிஞர் வால்ட்டர் பாட்ரிக் முதல் உலகப் போரின் காலத்தில் செய்முறை கண்டு காப்புரிமை பெற்ற பொருள் அது. மணியின் உடம்பு முழுவதும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள். அவற்றின் சுவர்களில் நீர் ஒட்டிக்கொள்ள, மணி மட்டும் தொடுவதற்கு உலர்ந்தே இருக்கிறது. கோபால்ட் குளோரைடு ஏற்றிய மணி, உலர்ந்திருக்கும்போது மயில் கழுத்தின் நீலம். நீரைக் குடிக்கக் குடிக்க வெளிறி, ஊதாவாகி, முடிவில் ரோஜா நிறம். கோபால்ட் உடம்புக்குக் கெடுதல் என்பதால் இப்போது ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் மணிகள் வந்துவிட்டன. அது நியாயமான மாற்றமே. ஆயினும் அந்த நீலத்தின் கம்பீரம் இதற்கு இல்லை.

ஜெட் இன்ஜினின் சம்பிரதாயம் வேறு. முன்வாயிலும் பின்வாயிலும் உறையிட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளையும், ஈரப்பதம் காட்டும் அட்டையையும் வைத்து, குறித்த தவணைகளில் அட்டையின் நிறத்தைப் படித்துப் பைகளை மாற்றுகிறார்கள். எரிபொருள் பாதைகளிலும் காப்பு எண்ணெய் செலுத்தப்படுகிறது. எல்லோர் கண்ணையும் கவரும் முன்விசிறியின் டைட்டானியம் இதழ்களுக்குத் துருப்பயம் இல்லை. எவர் கண்ணிலும் படாமல் உள்ளே இருக்கும் பேரிங்கின் எஃகுக் குண்டுகளுக்கே இத்தனை உபசாரமும். அங்கே ஊசிமுனையளவு குழி விழுந்தாலும், பிற்பாடு ஓடும்போது அதிலிருந்தே உலோகம் செதில் செதிலாய்ப் பெயரத் தொடங்கும். 2020 ஜூலை 23 அன்று அமெரிக்க விமானத்துறை நிர்வாகம், ஏழு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து நின்றிருந்த போயிங் 737 விமானங்களின் இன்ஜினில் ஒரு சிறு வால்வை உடனே சோதிக்கும்படி அவசர ஆணை பிறப்பித்தது. அரிப்பினால் அந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டு, இன்ஜின் நின்றுபோனதாக நான்கு சம்பவங்கள் பதிவாகியிருந்தன. ஏழே நாள்! நிற்பது என்பது யந்திரத்துக்கு ஓய்வு ஆகாது என்று அந்த டெக்னீஷியன் சொல்லிவந்ததன் பொருளை நான் முழுதாக உணர்ந்தது அந்த ஆணையைப் பற்றிப் படித்தபோதுதான்.

விமானத்தை மறுபடி எழுப்புவதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உள்ளே வைத்த பை ஒன்று மறந்துபோனால், ஓடத் தொடங்கிய மாத்திரத்தில் ஜெட் இன்ஜின் அதை விழுங்கிவிடும். எனவே எத்தனை பைகள், எங்கெங்கே என்பதை வைத்த நாளிலேயே எழுதிவைத்து, எடுக்கும்போது ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். பிஸ்டன் இன்ஜினிலோ, உலர்த்தும் பிளக்கைக் கழற்றியபின், அதுவரை யாரும் தொடக் கூடாதிருந்த புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, சிலிண்டரில் தேங்கிய எண்ணெயை வெளியேற்றுகிறார்கள். அதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால், அமுங்காத எண்ணெயின்மேல் பிஸ்டன் மோதி அதன் தண்டே வளைந்துபோகலாம். எஞ்சிய எண்ணெய் முதல் ஓட்டத்தில் வெண்புகையாக எரிகிறது. புதியவர்கள் அதைக் கண்டு பதறுவதுண்டு. எங்கள் தெருக்காரரோ, அந்தப் புகை வராவிட்டால்தான் தமக்குச் சந்தேகம் எழும் என்கிறார்.