ஏழாம் எண் அயர்ன்

தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் கவடியார். அங்கே ஒன்பது குழிகள் கொண்ட திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப்பின் பழைய மைதானம். புதிதாக ஆட வருபவர் கையில் எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் 7-ஆம் எண் அயர்ன் மட்டை என்பேன்.

விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பந்தின் விட்டம் 42.67 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. அயர்னின் முகத்தில் ஓடும் மெல்லிய பள்ளக் கோடுகளுக்குக்கூட வரம்பு உண்டு: அகலம் 0.9 மி.மீ., ஆழம் அரை மி.மீ. அளவு. ஈரத்தையும் புல்லையும் விலக்கி, பந்தைச் சுழலவைப்பவை அந்தக் கோடுகள்தாம். இவ்வளவு மழை பெய்யும் ஊரில் அவற்றின் அருமை நன்றாகவே தெரியும்.

பந்தை மேலே எழுப்புவது அந்த முகத்தின் சாய்வு. புதியவர்கள் இதை நம்பாமல் பந்தை அடியிலிருந்து தூக்கிவிடப் பார்க்கிறார்கள். மட்டை முதலில் மண்ணில் மோதுகிறது. இறங்கிவரும் மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும், புல்லை அதற்குப் பிறகுதான். பயிற்சித் தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, பந்து இல்லாமலே வீசிப் பாருங்கள். புல் பெயர்ந்த தடம் கோட்டைத் தாண்டி, இலக்கின் பக்கம் விழ வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் உடல் எடையை இடது காலுக்கு மாற்றினால் இது எளிதாகும். அப்படிச் சரியாகப் பட்ட அடியில் கைக்கு அதிர்வே தெரியாது. என்ன சுகம் அது!