வான்போர்ப் புதினங்களில் மண்ணின் முகம்

தமிழ் மரபில் போர் என்பது முகத்துக்கு முகம் நிகழ்வது. மார்பில் ஏற்றது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்ட முதிய தாயொருத்தி, கையில் வாளுடன் களம் புகுந்து பிணங்களைப் புரட்டிப் பார்த்த காட்சியைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பின்னாளில் கல்கியும் சாண்டில்யனும் படைத்த வரலாற்றுப் புதினங்களிலும் வீரன் தன் பகைவனைக் கண்ணால் கண்டே வாளை ஓங்குகிறான்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களும் வேறொரு வீரனை உண்டாக்கின. நள்ளிரவில், இருபதாயிரம் அடி உயரத்தில் பறந்து, தான் ஒருநாளும் காலடி வைத்திராத ஊரின்மேல் குண்டு வீசுகிறவனுக்கு மார்பு எது, முதுகு எது? போர்க்கால விமானிகளைப் பற்றிய புதினங்கள் அனைத்தும் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. பலவும் விடை சொல்வதில்லை. நீல வானம், துணிந்த இளைஞன், எரிந்து வீழும் பகை விமானம் என்னும் மூன்றோடு அவை நிறைவடைகின்றன. இக்கேள்வியைத் தட்டிக்கழிக்காத மூன்று ஆங்கிலப் புதினங்களை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, டெரக் ராபின்சன் எழுதி 1971இல் வெளிவந்த ‘கோஷாக் ஸ்குவாட்ரன்’. அவ்வாண்டின் புக்கர் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நூல் இது. களம் 1918ஆம் ஆண்டின் பிரான்சு. முதல் உலகப் போரின் விமானிகளைக் குதிரையேறிய பண்டை வீரர்களைப்போலப் போற்றிப் பாடும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. அதனை இந்நூல் ஈவிரக்கமின்றி உடைக்கிறது. அணித்தலைவன் வூல்லிக்கு வயது 23 தான். புதிதாய் வரும் இளைஞருக்கு அவன் கற்பிக்கும் பாடம் ஒன்றே: பகைவன் உன்னைக் காணுமுன் பின்னாலிருந்து சுடு. நம் மரபு பழித்த புறப்புண்ணே இங்குப் போர்முறை ஆகிவிடுகிறது. பலூனில் ஏறி வேவு பார்த்தவர்க்குப் பாராசூட் தந்த பிரிட்டிஷார், அப்போரில் தம் விமானிகளுக்கு அதைத் தரவில்லை என்னும் வரலாற்றை உடன்வைத்துப் படித்தால், வூல்லியின் கசப்பு எங்கிருந்து ஊறியது என்பது விளங்கும். ஆயினும் இந்நூல் வானத்தையும் விமானத் தளத்தையும் விட்டு அதிகம் இறங்கி வருவதில்லை. போலி வீரத்தைக் கலைப்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ (1961). ஹெல்லர் கோர்சிகா தீவிலிருந்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் 60 முறை பறந்தவர். விமானத்தை ஓட்டியவரல்லர், குண்டு வீசியவர். அவருடைய நாயகன் யோசேரியனும் அத்தகையவனே. பறக்க வேண்டிய தடவைகளின் எண்ணிக்கையை அவன் எட்டும்போதெல்லாம் மேலதிகாரி அதனை உயர்த்திவிடுகிறார். பித்துப் பிடித்தவன் பறக்க வேண்டியதில்லை என்று விதி உண்டு. ஆனால், விலக்கு வேண்டுமென்று கேட்பவன் தன் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறான், ஆகவே அவன் பித்தனல்லன், பறந்தே தீரவேண்டும். இன்னொரு நிகழ்ச்சி: பறக்காமலே பறப்போர்க்குரிய படியைப் பெறுவதற்காக மருத்துவர் ஒருவர் தம் பெயரை விமானப் பதிவேட்டில் எழுதச் செய்கிறார். அவ்விமானம் விழுந்து நொறுங்குகிறது. மருத்துவர் எல்லோர் கண்முன்னும் நிற்கிறார், பதிவேடோ அவர் இறந்தார் என்கிறது, பதிவேடே வெல்கிறது! அரசாங்கக் கோப்புகளோடு நாள் கழிக்கும் நம்மில் பலர் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க இயலாது. சிரித்த பிறகு நிம்மதியாய் இருக்கவும் இயலாது.

இந்நகைச்சுவைக்கு நடுவே ஹெல்லர் ஒரு மலைச் சிற்றூரைக் காட்டுகிறார். எதிர்ப்பு ஏதுமற்ற ஊர். விமானங்களைக் கண்டால் மக்கள் வெளியே வந்து கையசைப்பார்கள். மலைப்பாதையை அடைப்பதற்காக அதனை அழிக்க ஆணை வருகிறது. குண்டுகள் நெருக்கமாய் விழ வேண்டும், ஒளிப்படம் அழகாய் அமைய வேண்டும் என்பதே அதிகாரியின் கவலை. ஒரு கணம் புதினம் தரையைப் பார்த்துவிட்டது. பார்த்த கணமே நமக்கு நகைப்பு அடங்கிவிடுகிறது.

அந்த ஒரு கணத்தை ஒரு முழு நூலாக விரித்தவர் லென் டெய்ட்டன். 1929இல் லண்டனில் பிறந்த இவர், சிறுவனாய்க் குண்டுவீச்சின் கீழே இருந்தவர். வளர்ந்தபின் விமானப்படையில் ஒளிப்படப் பணி புரிந்தவர். அவருடைய ‘பாம்பர்’ (1970) 1943 ஜூன் 31ஆம் நாள் நிகழ்வதாகச் சொல்லப்படுகிறது. ஜூனில் 31ஆம் நாள் ஏது? நாட்காட்டியில் இல்லாத அந்த ஒரு நாளை மணிக்கு மணி தொடர்ந்து செல்கிறது கதை. பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கப் புறப்படுவது கிரெஃபெல்ட் என்னும் தொழில் நகரத்தை. இலக்கைக் காட்டும் வண்ண ஒளிகளோ ஆல்ட்கார்ட்டன் என்னும் கற்பனைச் சிற்றூரின்மேல் விழுந்துவிடுகின்றன. பின்வருவோர் அந்த ஒளியையே நம்பிக் குண்டுகளைக் கொட்டுகின்றனர்.

நூலின் பெரும் பகுதி இருபுறத் தரையிலும் நடக்கிறது. இங்கிலாந்தின் விமானத் தளத்தில் சாம் லாம்பர்ட் என்னும் தேர்ந்த விமானி கிரிக்கெட் ஆட மறுத்ததால் மேலதிகாரியின் பகையைத் தேடிக்கொள்கிறான். ஆல்ட்கார்ட்டனிலோ மக்கள் சமைக்கிறார்கள், காதலிக்கிறார்கள், நோயாளிகளைப் பேணுகிறார்கள். இவர்களை நமக்குப் பெயர்சொல்லிப் பழக்கிய பிறகே டெய்ட்டன் விமானங்களை மேலே கொண்டுவருகிறார். குண்டு விழும்போது நமக்கு இருபுறமும் உறவாகிவிட்டது. எவர் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். அதுவே இந்நூலின் வெற்றி.

குறையும் உண்டு. எந்திர விவரங்கள் சிலவிடங்களில் கையேட்டைப்போல நீள்கின்றன; பாத்திரங்களின் கூட்டத்தில் சிலர் நிழலாகவே நின்றுவிடுகின்றனர். ஆனால் விமானிகளின் துயரை அவர் குறைத்துக் காட்டினார் என்று எவரும் சொல்ல முடியாது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். மனம் தளர்ந்து மறுத்தவர்கள்மீது ‘மன உறுதி அற்றவர்’ என்னும் முத்திரை விழுந்தது. வீசியவனும் பலி, வீசப்பட்டவனும் பலி என்பதை இரண்டு கண்களாலும் பார்த்தவர் டெய்ட்டன்.

இந்நூல்களின் களங்கள் நமக்குத் தொலைவானவை. குண்டுவீச்சு அத்தனை தொலைவானதன்று. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, பிழைப்புக்காக ஊர்விட்டுச் சென்றிருந்த தமிழரும் தெலுங்கரும் கீழே இருந்தனர். அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்து திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னை நகரமே மூட்டை கட்டிற்று. அப்போரைப் புலம்பெயர்ந்த தமிழனின் கண்கொண்டு பார்த்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) மேடான் நகரத் தெருவில் நின்று அதனைச் சொல்கிறது. வான்போரில் நம் முன்னோர் பெரும்பாலும் நின்ற இடமும் தரைதான்.

ஆகவே இத்தகைய புதினத்தை மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. விமானி எத்தனை பகை விமானங்களை வீழ்த்தினான் என்பதன்று அது. அவனுக்குக் கீழே இருந்த ஊரின் பெயரை நூல் நமக்குச் சொல்லிற்றா என்பதே. விமானப்படையில் சேரும் கனவோடு நம் பிள்ளைகள் வீரக் கதைகளைத் தேடுகிறார்கள். தேடட்டும், அக்கனவில் பிழையில்லை. அவர்கள் கையில் ‘பாம்பர்’ ஒன்றையும் சேர்த்துக் கொடுப்போம். களத்தில் பிணங்களைப் புரட்டிப் பார்த்த அந்தத் தாயைப்போல, கீழே கிடப்பவர் முகத்தைக் குனிந்து பார்க்கவும் அவர்கள் கற்க வேண்டும்.