கட்ஸ்பியின் மாளிகையும் வில்சனின் கராஜும்

ஸ்கொட் பிட்ஸ்ஜெரல்டின் 'மகத்தான கட்ஸ்பி' 1925ஆம் ஆண்டு வெளிவந்தது. கைகூடாத காதலொன்றின் அவலமாகவே அந்நாவலைப் பலர் படிக்கின்றனர். ஆயின், அதன் மாந்தர் எவ்வீடுகளில் வாழ்கின்றனர், அவ்வீடுகள் எப்பணத்தால் எழுந்தன என்னும் வினாக்களை எழுப்பின், காதற் கதையின் அடியில் வர்க்கத்தின் கதை கிடப்பதைக் காணலாம்.

கதை நிகழ்வது 1922ஆம் ஆண்டுக் கோடையில், நியூயோர்க் நகரை அடுத்த லோங் ஐலண்டில். சிறு குடாவொன்றின் இரு கரைகளிலும் இரு குடியிருப்புகள். ஈஸ்ட் எக்கில் பரம்பரைச் செல்வர். வெஸ்ட் எக்கிற் புதுப்பணக்காரர். ஈஸ்ட் எக் மாளிகையில் வாழும் ரொம் பியூகனன், தன் திருமணத்திற்கு முதல்நாள் டெய்சிக்கு 3,50,000 டொலர் பெறுமதியான முத்துமாலையை அளித்தவன். அவனுடைய குடும்பச் செல்வம் எவ்வாறு குவிந்ததென்று நாவலில் எவரும் வினவுவதில்லை. பரம்பரைச் செல்வத்தின் வலிமையே அதுதான். அதன் பிறப்பு மறக்கப்பட்டுவிடுகின்றது.

கட்ஸ்பியின் பணத்தைப் பற்றியோ எல்லோரும் வினவுகின்றனர். வட டகோட்டாவின் ஏழைக் கமக்காரக் குடும்பத்தில் ஜேம்ஸ் கட்ஸ் எனப் பிறந்த அவன், மதுவிலக்குக் காலத்திற் (1920–1933) கள்ளமது விற்றுப் பொருளீட்டினான். அவனது மாளிகை பிரெஞ்சு நகரமண்டபம் ஒன்றின் போலி. அதைக் கட்டுவித்த மதுவடிசாலை முதலாளி, அயற் குடிசைக்காரர் தம் கூரைகளை வைக்கோலால் வேய்ந்தால் ஐந்தாண்டு வரியைத் தானே செலுத்துவதாகக் கூறினானாம்; அவர்கள் மறுத்துவிட்டனர். மாளிகை மட்டும் அவனுக்குப் போதவில்லை. அதைச் சூழக் குடியானவரும் வேண்டியிருந்தனர். இச்சிறு செய்தியிற் பிட்ஸ்ஜெரல்டின் கூரிய பார்வை புலனாகின்றது.

இவ்விரு குடியிருப்புகளுக்கும் நகரத்திற்கும் இடையிலே சாம்பற் பள்ளத்தாக்கு கிடக்கின்றது. குயீன்ஸ் பகுதியில் நகரின் சாம்பல் கொட்டப்பட்ட மேடுகளே இதற்கு மூலமாயின. அங்குள்ள கராஜின் மேல்மாடியே ஜோர்ஜ் வில்சனுக்கும் மேட்டிலுக்கும் வீடு. மாளிகைவாசிகள் பெற்றோலுக்காக அங்கு நிற்பர். ரொம் மேட்டிலுக்காகவும் நிற்பான்.

நாவலின் முடிவில் மூவர் மடிகின்றனர். டெய்சி ஓட்டிய கார் மேட்டிலைக் கொல்கின்றது. அந்தக் கார் யாருடையதென்று ரொம்மிடம் அறிந்த வில்சன், கட்ஸ்பியைச் சுட்டுத் தானும் மாய்கின்றான். மூவரும் சொத்தின்றிப் பிறந்தவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பியூகனன் தம்பதியரோ முகவரி கூடக் கொடாது ஊரை விட்டகல்கின்றனர். தனிமனிதரின் தீவினை என்று மட்டும் இதனைக் கொள்வதற்கில்லை. பழியினின்றும் விலகிச் செல்லும் வசதியும் உடைமையின் ஒரு பகுதியே.

எனினும், ஆசிரியரின் பார்வைக்கு எல்லையுண்டு. கதை சொல்லும் நிக் கரவே மாதம் 80 டொலர் வாடகை வீட்டில் வாழினும் வறியவனல்லன். இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் குடும்பத்து மைந்தன். அக்குடும்பத்தின் முன்னோன் உள்நாட்டுப் போருக்குத் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பியவன். அந்த வேறொருவன் என்னவானான் என்று நிக் கேட்பதில்லை. சாம்பல் அள்ளும் மனிதர் பெயரற்ற நிழல்களாகவே வந்து மறைகின்றனர். யூதனான வுல்ப்ஷைமின் சித்திரமோ இனவெறுப்பின் கறை படிந்தது.

ஆயினும், 1929ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சிக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே அப்பகட்டின் உள்ளீடின்மையைக் காட்டியது இந்நாவல். கட்ஸ்பியின் மாளிகைக்கு வெள்ளிதோறும் ஐந்து பெட்டி தோடையும் எலுமிச்சையும் வரும். திங்களன்று வெறுந் தோல்கள் பின்கதவால் வெளியேறும். அரைமணி நேரத்தில் இருநூறு பழங்களைப் பிழியும் இயந்திரம் அங்கிருந்தது. ஆனால் அதன் பொத்தானை ஒரு பணியாளின் பெருவிரல் இருநூறு முறை அழுத்த வேண்டும். அவ்விரலுக்குரியவனின் பெயரை நாவல் கூறவில்லை. கட்ஸ்பியின் கனவைப் பற்றி மாணவரிடம் வினவும் ஆசிரியர், அவனைப் பற்றியும் வினவுதல் வேண்டும்.