கதவின் ஓசையும் தமக்கையின் துணையும்

காதல் நவீனங்களைப் பற்றி நம்மிடையே நெடுநாளாய் ஓர் எண்ணம் நிலவி வருகிறது. அவை ஓய்வுப் பொழுதில் படிக்கப்படுபவை. ஆதலின் ஓய்வுப் பொழுதிலேயே எழுதப்பட்டு விடுபவை என்பதே அவ்வெண்ணம். நண்பகல் உணவுக்குப் பின் சாய்ந்திருந்து நாம் படித்து முடிக்கும் நூலொன்றுக்காக அதனை ஆக்கியவர் எத்தனை பொழுதுகளை ஈந்தார், அப்பொழுதுகள் அவருக்கு எவ்வாறு கிட்டின என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் காதலும் திருமணமும் பற்றிய நவீனத்துக்கு நிலையான உருவம் தந்த ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் எழுத்து முறையை ஆராய்வோமாயின், இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பது புலனாகும்.

1775-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள ஸ்டீவென்டன் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர் அவர். மணம் புரியாதவர். 41 வயதிலேயே, 1817-இல் மறைந்தார். அவருடைய மூத்த தமையனாரின் மைந்தர் எழுதி 1869-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான வரலாற்று நூலில் ஒரு செய்தி காணப்படுகிறது. அம்மையாருக்குத் தனி எழுத்தறை இல்லை. எல்லாரும் புழங்கும் கூடத்தில் அமர்ந்து, எளிதில் மறைத்துவிடத் தக்க சிறு தாள்களிலேயே எழுதினார். அவ்வழியிலிருந்த கதவொன்று திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். அதனைச் சீர் செய்ய அவர் இசையவில்லை. யாரேனும் வருகின்றனர் என்பதை அவ்வோசை முன்னறிவித்து விடும். உடனே தாள்கள் மறைந்து விடும்.

இக்கதவைப் பற்றி எழுதாத திறனாய்வாளர் அரியர். தனியறை வேண்டாள், அமைதி வேண்டாள், வந்தோரை முகங்கோணாது வரவேற்றாள், இடையிடையே அழியாத இலக்கியமும் படைத்தாள் என்று இக்கதை ஒரு பெண்ணின் அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாக ஓதப்படுகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் பெண்ணொருத்தி எழுதுவதற்கு யாரும் எதுவும் செய்து தர வேண்டியதில்லை என்னும் முடிவுக்கு அது நம்மை இட்டுச் செல்கிறது. அங்கேதான் நாம் மறுப்புரைக்க வேண்டியவர்களாகிறோம்.

அதே குடும்பத்தில், அம்மைந்தரின் தங்கையார் கரோலின் என்பார் தம் அத்தையின் அன்றாட வாழ்வைக் குறித்து வைத்துள்ளார். ஜேன் காலையில் எழுந்து, சிற்றுண்டிக்கு முன் பியானோ வாசிப்பார். ஒன்பது மணிக்குக் காலைச் சிற்றுண்டியை ஆயத்தம் செய்வது அவர் பொறுப்பு. தேயிலை, சர்க்கரை முதலியவற்றின் இருப்பைக் கவனிப்பதும் அவர் பணியே. வீட்டு நிர்வாகத்தின் எஞ்சிய பாரத்தைத் தமக்கை கசாந்திரா சுமந்தார். உடன் வாழ்ந்த தோழி மார்த்தா லாயிட் அதில் துணை நின்றார். ஒலித்துக் காத்தது கதவு என்பர். உண்மையில் காத்தவர்கள் இவ்விரு பெண்மணிகளே.

ஆண்டுகளின் கணக்கும் இதற்குச் சான்று பகர்கிறது. ஸ்டீவென்டனில் இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே அம்மையார் மூன்று நாவல்களின் முதல் வடிவங்களை எழுதிவிட்டார். 1801-இல் குடும்பம் பாத் நகருக்குப் பெயர்ந்தது. 1805-இல் தந்தையார் காலமானார். பின்னர் சவுத்தாம்ப்டனில் சில காலம். இவ்வெட்டாண்டுகளில் புதிய நாவல் எதனையும் அவர் முடிக்கவில்லை; தொடங்கிய ஒன்றும் இடையில் நின்றது. 1809-இல், தமையனார் எட்வர்டு அளித்த சாட்டன் ஊர் வீட்டில் நால்வரும் நிலையாகக் குடியேறினர். அதன்பின் எட்டே ஆண்டுகளில் பழைய வடிவங்கள் திருத்தமுற்றன. புதியன மூன்று எழுந்தன. இடப்பெயர்ச்சியும் துயரும் முந்தைய மௌனத்துக்குக் காரணமாயின என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் நிலையான வீடும், பிறர் ஏற்றுக்கொண்ட வேலையும் சேர்ந்தபோதே எழுத்து மீண்டும் ஊறியது என்பதையும் மறைத்தலாகாது.

ஐயுறுவோர் 1816-ஆம் ஆண்டு செப்டம்பரில் அம்மையார் எழுதிய கடிதத்தைக் காண்க. அப்போது கசாந்திரா ஊரில் இல்லை. வீட்டுப் பொறுப்பு முழுவதும் ஜேனின் தலைமேல் வீழ்ந்தது. விருந்தினரும் வந்து போயினர். இறைச்சி வாங்குவதும் மருந்து அளப்பதுமே மனத்தை நிறைத்திருக்கையில் நூல் இயற்றுவது இயலாததாகவே தமக்குத் தோன்றுகிறது என்னும் கருத்துப்பட அவர் தமக்கைக்கு எழுதுகிறார். கதவு அன்றும் கிறீச்சிட்டிருக்கும். தமக்கை மட்டுமே இல்லை.

அவ்வாறு கிட்டிய பொழுதை அவர் என் செய்தார்? புதிது புதிதாய் எழுதிக் குவிப்பதில் மட்டும் கழிக்கவில்லை. எழுதியதைத் திரும்ப நோக்குவதிலும் செலவிட்டார். 1797-இல் பதிப்பாளர் ஒருவர் பார்க்கவும் மறுத்த கதையே, திருத்தமுற்று 1813-இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என வெளிவந்தது. இதனினும் தெளிந்த சான்று, அவர் இறுதியாக முடித்த 'பெர்சுவேஷன்' நாவலில் உண்டு.

ஆன் எலியட் என்னும் நங்கை, பொருள் வளமற்ற கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை விரும்பியும், பெரியோர் அறிவுரைக்கு இணங்கி மண உறுதியை முறித்தவள். எட்டாண்டுகள் கழித்து அவன் வளம் பெற்றுத் திரும்புகிறான். 1816 ஜூலையில் அம்மையார் எழுதிய முடிவில், வேறொருவர் ஏவிய வினாவொன்றை ஆனிடம் கேட்க வென்ட்வொர்த் வர நேர்கிறது. அவள் மறுமொழியால் ஐயம் நீங்கி இருவரும் இணைகின்றனர். கதை முடிந்தது, ஆசிரியருக்கோ நிறைவில்லை. சோர்வுற்று உறங்கச் சென்றவர், மறுநாள் புதுத் தெளிவுடன் எழுந்தார் என்று அவ்வரலாற்று நூல் கூறுகிறது. அம்முடிவு நீக்கப்பட்டு வேறொன்று எழுந்தது.

புதிய முடிவில், விடுதி அறையொன்றில் ஆன் மற்றொருவருடன் உரையாடுகிறாள். ஆணின் அன்பா, பெண்ணின் அன்பா, எது நெடிது நிலைப்பது என்பதே வாதம். நூல்களைச் சான்று காட்டலாகாது, அவற்றை எழுதிய பேனா ஆடவர் கையிலேயே இருந்து வந்தது என்கிறாள் அவள். அருகே மடல் எழுதிக் கொண்டிருக்கும் வென்ட்வொர்த்தின் பேனா அவ்வுரையாடலின் இடையே நழுவி விழுகிறது. பின்னர் அவன் அவளுக்கே மடல் தீட்டுகிறான்.

இரு முடிவுகளிலும் நிகழ்வது ஒன்றே, காதலர் இணைகின்றனர். ஆனால் முன்னதில் பிறருடைய தூது அவர்களைச் சேர்க்கிறது. பின்னதில் ஆனின் சொந்தச் சொற்கள் சேர்க்கின்றன. எட்டாண்டுகள் பிறர் சொல்லுக்கு இணங்கி வாழ்ந்தவள் முதன்முறையாகத் தன் சொல்லால் தன் வாழ்வைப் பெறுகிறாள். நாவலின் உட்பொருள் அப்போதுதான் நிறைவு பெறுகிறது. நீக்கப்பட்ட தாள்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அச்சேறிய அவருடைய ஆறு நாவல்களுள் வேறெதற்கும் கையெழுத்துப்படி எஞ்சவில்லை. இவையோ அடித்தலும் திருத்தலும் நிறைந்தவை. அந்த இரண்டாம் காலைப்பொழுதை அடுக்களை கொண்டு போயிருக்குமாயின், நமக்கு முதல் முடிவே எஞ்சியிருக்கும். இழந்தது இன்னதென்று நாம் அறிந்தும் இருக்க மாட்டோம்.

நம் இல்லங்களிலும் எழுதும் ஆர்வமுள்ள பெண் மக்கள் உளர். வேலையெல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறாள் என்று அவர்களை நாம் புகழ்வதுண்டு. அப்புகழ்ச்சியால் அவர்களுக்கு ஒரு நாழிகையும் கூடுவதில்லை. கசாந்திரா செய்தது அதுவன்று. வேலையில் ஒரு பங்கைத் தம் கையில் வாங்கிக் கொண்டார். நம் வீட்டு மகளோ மருமகளோ குறிப்பேட்டை எடுத்து அமர்கையில், அடுப்பிலிருக்கும் பாத்திரத்தை இறக்கி வைக்க எழுபவர் யார் என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.