மூச்சு விட நேரம் எங்கே?

"மூச்சு விடக்கூட நேரமில்லை" என்று என் அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்த நான், வேலைக்குப் போன பிறகு அம்மாவைவிட அதிகமாகச் சொல்லத் தொடங்கினேன். நாற்பத்து நான்கு வயதில், மாதம் மூவாயிரம் ரூபாய் கட்டிச் சென்னையில் ஒரு மாடி அறையில் பாய் விரித்துப் படுத்தேன். "இப்போது உங்கள் மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்றார் ஆசிரியை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நிமிடம் கழித்து அழுகை வந்தது. யாரும் என்னைக் கூப்பிடாத ஐந்து நிமிடம் அதற்கு முன்பு எப்போது கிடைத்தது என்று எனக்கு நினைவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேலி செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. மென்மையான யோகா, மூச்சுப் பயிற்சி, பாதத்தை அழுத்தும் ரிஃப்ளெக்ஸாலஜி மூன்றையும் சேர்த்துத் தந்த வகுப்பு அது. நிமிடத்துக்கு ஆறு முறை என்று நிதானமாக மூச்சு விட்டால் இதயத் துடிப்பு நிதானப்படுகிறது, ரத்த அழுத்தம் ஓரளவு இறங்குகிறது. முதுகை மெதுவாக நீட்டி மடக்கினால் வலி குறைகிறது. இவை எனக்கும் நடந்தன. என் விமர்சனம் அந்த வகுப்பு கற்பனை செய்துவைத்திருந்த பெண்ணைப் பற்றியது.

எங்களுக்குத் தந்த துண்டறிக்கையில் அவள் இருந்தாள். 'பெண்ணே, நீ அமைதியானால் உன் குடும்பம் அமைதியாகும்' என்பது அதன் முதல் வரி. அவளுடைய ஓய்வுகூட அவளுக்காக இல்லை. அவள் மூச்சை இழுத்து விடுவது, வீட்டுக்குத் திரும்பி இன்னும் பொறுமையாகப் பரிமாறுவதற்காக. அவளுடைய களைப்புக்குக் காரணம் அவளுடைய மனம், எனவே மருந்தும் அங்கேதான் இருக்கிறது என்றது அறிக்கை. 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறொன்றைச் சொல்கிறது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். ஐந்து மணி நேர வேலையை மனப் பதற்றம் என்று பெயர் மாற்றினால், வேலை அப்படியே இருக்கும், பழி மட்டும் நம்மிடம் வந்து சேரும்.

"யோகா பெண்களுக்கென்றே உருவானது" என்று ஆசிரியை அடிக்கடி சொல்வார். வரலாறு அவ்வளவு கனிவாக இல்லை. இன்று நாம் செய்யும் ஆசன வரிசைகளில் பெரும்பங்கு 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து வந்தது. அங்கே கற்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். ரீகாவில் பிறந்த இந்திரா தேவி கற்க வந்தபோது, பெண் என்றும் வெளிநாட்டவர் என்றும் சொல்லி முதலில் மறுத்தார். அரசரின் பரிந்துரைக்குப் பிறகுதான் சேர்த்துக்கொண்டார். 1940களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் யோகா நிலையம் திறந்து, மேலை நாட்டுப் பெண்களிடம் அதைக் கொண்டுபோனவர் இந்த இந்திரா தேவிதான்.

1938இல் எடுத்த மௌனப் படம் ஒன்று இருக்கிறது. அதில் கிருஷ்ணமாச்சாரியாரும் பி.கே.எஸ். ஐயங்காரும் ஆசனம் செய்கிறார்கள். கூடவே கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவி நாமகிரி அம்மாளும் செய்கிறார். அவர் ஐயங்காரின் அக்கா. ஆண்கள் இருவரும் குரு ஆனார்கள், அவர்கள் பெயரில் மரபுகள் உருவாயின. நாமகிரி அம்மாள் 'மனைவி', 'அக்கா' என்ற உறவுகளில் நின்றுபோனார். அவருக்கும் அந்த உடற்கலை தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தனக்கென ஒரு வாழ்வாக்கிக்கொள்ளும் நேரமும் இடமும் யாருக்குக் கிடைத்தன என்பதுதான் கேள்வி.

ரிஃப்ளெக்ஸாலஜிக்கு வருகிறேன். பாதத்தில் உடல் முழுவதற்கும் வரைபடம் இருப்பதாகச் சொல்லும் இந்த முறை, சுவரொட்டிகள் சொல்வதுபோல் ஆயிரமாண்டுப் பழமை உடையது அல்ல. ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்க மருத்துவர் உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். அதை 1930களில் பாதத்தின் மீது வரைபடமாக விரித்தவர் யூனிஸ் இங்காம் என்ற பெண். 1938இல் அவருடைய புத்தகம் வந்தது. குறிப்பிட்ட புள்ளியை அழுத்தினால் குறிப்பிட்ட உறுப்பின் நோய் தீரும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் காலைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும் என்பதற்கு ஆய்வு எதற்கு? திருமால் படுத்திருக்க லட்சுமி காலைப் பிடித்துவிடும் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு அம்மாவும், பாட்டிக்கு நாங்களும் கால் பிடித்துவிட்டோம். என் காலை ஒருவர் கையில் எடுத்தது இங்கேதான் முதல் முறை. அந்தச் சுகத்தில் என் சந்தேகமெல்லாம் கரைந்தது.

அந்த நாட்களில் எனக்கு மாதவிடாய் பத்து நாள் வரை நீடித்தது. சொன்னேன். கணுக்காலின் உட்புறம் ஒரு புள்ளியை அழுத்தி, "உங்கள் கருப்பை களைத்திருக்கிறது" என்றார் சிகிச்சை தந்தவர். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றேன். "ஆழமாக மூச்சு விடப் பழகுங்கள்" என்றார் ஆசிரியை. ஆறு மாதம் பழகினேன். ஒரு நாள் மாடிப்படியிலேயே மயங்கி விழுந்தேன். மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். கருப்பையில் இரண்டு நார்த்திசுக் கட்டிகள். ஆறு மாதம் நான் என் மூச்சை அவ்வளவு கவனமாகக் கவனித்திருக்கிறேன். அது ஏன் வாங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழியை அவர்கள் மேல் மட்டும் போட்டுவிட்டு நகர முடியவில்லை. பரிசோதனைக்குப் போக லீவு எடுக்க வேண்டும், வீட்டில் சொல்ல வேண்டும், சமையலுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். வகுப்புக்கு ஒரு மணி நேரம் போதும், வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை. என்னைச் சுற்றி இருந்த எதையும் மாற்றக் கேட்காத சிகிச்சை என்பதால்தான் அதை நம்ப விரும்பினேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. இந்தப் பெண்களில் எத்தனை பேரிடம் "டென்ஷன் ஆகாதே" என்று சொல்லப்பட்டிருக்கும்!

என் காலைப் பிடித்துவிட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். முந்தைய வேலை துணிக்கடையில். காலை பத்து முதல் இரவு பத்து வரை நின்றதில் காலில் நரம்பு சுருண்டுவிட்டது என்று காட்டினாள். அவளுடைய பாதத்துக்கு எந்தப் புள்ளியை அழுத்துவது? அதற்கான விடையைத் தேடியவர்கள் வேறு பெண்கள். கோழிக்கோட்டில் விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பது வெட்கக்கேடு. ஆனாலும் பெண்களின் கால்வலிக்கு நான் அறிந்த நல்ல சிகிச்சைகளில் அது ஒன்று. சட்டம் வந்த பிறகும் நாற்காலி போடாத கடைகள் உண்டு, அங்கே கேள்வி கேட்பது வாங்கப் போகும் நம் வேலையும்தான்.

1970இல் பாஸ்டனில் சில பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் உடலைப் பற்றித் தாங்களே படித்து, எழுதி, 75 சென்ட்டுக்கு ஒரு சிறு நூலாக விற்றார்கள். 'நம் உடல்கள், நாம்' என்று பின்னாளில் உலகம் முழுவதும் போன புத்தகம் அது. அவர்களும் உடலைக் கவனிக்கத்தான் சொன்னார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தனியாக அல்ல. ஒருத்தியின் வலியை இன்னொருத்தி கேட்டாள், பெயர் தெரிந்துகொண்டார்கள், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து எழுதிக்கொண்டார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு நான் மீண்டும் அதே வகுப்புக்குப் போகிறேன். மூச்சுப் பயிற்சி எனக்குப் பிடிக்கும். வகுப்பு முடிந்ததும் எங்களில் ஏழெட்டுப் பேர் பாயைச் சுருட்டாமல் இன்னும் இருபது நிமிடம் உட்காருகிறோம். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டிக்கொள்கிறோம். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்குப் போடுகிறோம். கால் பிடித்துவிடும் அந்தப் பெண்ணையும் உட்காரச் சொல்கிறோம். முதல் வாரம் தயங்கினாள். இப்போது அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாள்.