தோழி கண்ட நிதானம்: வெறிவிலக்கும் திருக்கடிகையும்

திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் பதிகம் வெறிவிலக்குத் துறையில் அமைந்தது. பிரிவாற்றாத தலைமகள் மோகித்துக் கிடக்கிறாள். அன்னைமார் கட்டுவிச்சியின் சொற்கேட்டுக் கள்ளும் இறைச்சியும் தூவ முற்படுகின்றனர். தோழி இடைபுகுந்து, இந்நோய் மாயனால் வந்தது, அவன் அடியார்களின் திருவடித்தூளியே இதற்கு மருந்து என்கிறாள்.

இப்பதிகத்தை இக்காலத்தார் இருவகையாகப் பிறழக் கொள்வதுண்டு. ஆழ்வாரின் ஆற்றாமையைச் சித்தப்பிரமை என்று அளப்பது ஒன்று. மனநோய் எதுவாயினும் மருந்தை விடுக என்பதற்கு இதனைச் சான்றாக்குவது மற்றொன்று. இரண்டும் வியாக்கியான மரபுக்கு ஒவ்வா.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில், ஆழ்வார் ஞானநிலையில் தாமாகவும் பிரேமநிலையில் பெண்ணாகவும் பேசுவதாக வகுத்தார். தோழி, தாய், மகள் என்பன உணர்த்தி, துணிவு, பதற்றம் என்னும் நிலைகளின் பெயர்களே என்றும் காட்டினார். ஆகவே பதறுபவளும், அப்பதற்றத்தின் காரணத்தை உணர்ந்து சொல்பவளும் ஆழ்வார் ஒருவரே. அறிவு குலைந்த நிலையாக இதனைக் கொள்ள இடமில்லை.

இரண்டாவது கொள்கை நோயுற்றோர் வாழ்வையே பாதிப்பது. ஆம்பூர், இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த வேலூர் வட்டாரத்தில், பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருக்கடிகையாகிய சோளிங்கர் உள்ளது. சித்தம் கலங்கியோரைத் தக்கான் குளத்தில் நீராட்டி, யோக நரசிம்மரையும் யோக ஆஞ்சநேயரையும் சேவிக்கச் செய்வது அங்கு நெடுநாளைய வழக்கம். அதே வட்டாரத்தில், வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்வது அதன் நடைமுறை. மலையேறிச் சேவித்தவர் மருத்துவரிடம் செல்லலாகாது என்று தோழியின் பெயரால் தடுப்பது முறையன்று.

தோழி விலக்கியது மருந்தையன்று. நம்பிள்ளை ஈடு முதலான வியாக்கியானங்கள் அவள் தேவதாந்தர ஸ்பர்சத்தை விலக்குவதாகவே கொள்ளும். மருந்துண்பது தேவதாந்தர பஜனமாகாது. மேலும், நோயின் காரணத்தை ஆராய்வதை மருத்துவ நூலார் நிதானம் என்பர். அன்னைமார் செய்யத் தவறியது அதுவே. தோழி செய்ததும் அதுவே. பகவத் விரகத்தைப் பிணியென மயங்கியது அன்னைமார் பிழை. பிணியை விரகமென மயங்கி மருந்தை நிறுத்துவதும் அப்பிழையின் மறுபுறமே. திருக்கடிகைக்கு வரும் குடும்பங்களுக்கு இதனை எடுத்துரைப்பது இப்பதிகத்தை ஓதுவோர் கடமையாகும்.