கறையோடு பளபளப்பும் போகிறது

வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. கையில் எடுத்தால் கனமே தெரியாது. 'மேஜிக் ஸ்பாஞ்ச்', 'மேஜிக் இரேசர்' என்று பல பெயர்களில் ஆன்லைனில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறார்கள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தேய்த்தால் போதும், பெர்மனென்ட் மார்க்கர் கறைகூடப் போய்விடும், சோப்பு வேண்டாம், கெமிக்கல் வேண்டாம் என்கிறது விளம்பரம். சில வாரங்களாக இதை வைத்துப் புழங்கிவருகிறேன். விளம்பரத்தில் பொய் இல்லை. மார்க்கர் கறை நிஜமாகவே போகிறது. எப்படிப் போகிறது என்பதைத்தான் பாக்கெட்டில் எங்கும் எழுதவில்லை. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

எந்த பிராண்டை வாங்கினாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்: மெலமின் ஃபோம். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் பாசோடெக்ட் என்ற பெயரில் இதைச் சத்தத்தையும் வெப்பத்தையும் தடுக்கும் பொருளாக விற்றுவந்தது. அமெரிக்காவில் 2003-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் 'மிஸ்டர் கிளீன்' பெயரில் இதையே துடைக்கும் கட்டியாக வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஒரு கன மீட்டர் ஃபோம் சுமார் 10 கிலோதான் இருக்கும். மீதியெல்லாம் காற்று.

குழந்தை இருக்கும் வீட்டில் மார்க்கர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அது போய்ச் சேர்ந்தது படுக்கையறை வார்ட்ரோபில். அடர்பழுப்பு நிறம், கண்ணாடிபோல மின்னும் கிளாஸி சன்மைக்கா. கீழ் ஷட்டரில், நாலு வயசுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், கறுப்பு மார்க்கரில் புகைவண்டி ஒன்று, பெட்டிகளோடு. அதில் கைவைக்கும் முன், வீட்டுக்கு மர வேலை செய்த தச்சரிடம் வெட்டி மீந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கிளாஸி சன்மைக்கா, மேட் சன்மைக்கா, பியு பாலிஷ் போட்ட தேக்கு வெனீர், ஒன்றும் பூசாத பச்சை மரம். எல்லாவற்றிலும் அதே மார்க்கரால் கோடு போட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

கிளாஸி துண்டில் ஸ்பாஞ்சை வைத்து லேசாக நாலு தேய்ப்பு. கோடு மங்கியது; இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் காணவில்லை. வீடியோக்களில் காட்டுவது இத்தனைதான், அதோடு கேமராவை அணைத்துவிடுகிறார்கள். துண்டைத் துணியால் துடைத்து, ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இல்லையென்றால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். கோடு இருந்த இடத்தைச் சுற்றி, கை போன வாக்கிலேயே, சாம்பல் பூத்த ஒரு திட்டு தெரியும். இன்னும் கிட்டே போனால் மெல்லிய வட்டக் கீறல்கள் நூல் நூலாகத் தெரியும். எண்ணெய் தடவினால் ஒரு நாள் மறையும், மறுநாள் திரும்பி வரும். மேட் துண்டில் இதற்கு நேர்மாறு: மங்கலாக இருக்க வேண்டிய பரப்பில் தேய்த்த இடம் மட்டும் மினுமினுக்கிறது.

காரணம் எளிது. மெத்தென்று இருந்தாலும் இது உப்புத்தாள் இனம். உள்ளே இருப்பது வலைப்பின்னலான மெலமின் பிசின் இழைகள். நுண்ணோக்கியில்தான் தெரியும் அளவுக்கு மெல்லியவை, ஆனால் கெட்டியானவை. ஸ்பாஞ்ச் கறையைக் கரைப்பதில்லை, சுரண்டி எடுக்கிறது. சன்மைக்கா என்று நாம் சொல்லும் லேமினேட்டின் மேல்தோல் எதனால் ஆனது? அதுவும் மெலமின் பிசினில் ஊறவைத்து அழுத்திய காகிதம்தான். தேய்க்கிற பொருளும் தேய்படுகிற பொருளும் ஒரே பிசின், ஒரே கெட்டி. அதனால்தான் ஸ்பாஞ்சும் துகள் துகளாக உதிர்கிறது, ஷட்டரும் மங்குகிறது. ஜன்னல் கண்ணாடியில் இதே ஸ்பாஞ்சை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் ஒன்றும் ஆவதில்லை. கண்ணாடி இதைவிடக் கெட்டி. இந்த விஷயம் தயாரிப்பாளருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. இருந்தும் நான் வாங்கிய பாக்கெட்டின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'எல்லாப் பரப்புகளுக்கும்' என்று இருக்கிறது, பின்பக்க மூலையில் எறும்பு எழுத்தில் 'மறைவான இடத்தில் சோதித்துப் பார்க்கவும்' என்று இருக்கிறது. நம் ஊரில் விற்கும் சன்மைக்கா ஷீட் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் கனம். அதிலும் நிறமும் மர ரேகையும் இருப்பது மேலே உள்ள ஒரே ஒரு காகிதத்தில். கீழே எல்லாம் பழுப்புத் தாள். லட்சக்கணக்கில் செலவழித்து மர வேலை செய்தவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது நியாயமே இல்லை.

சன்மைக்காவில் மார்க்கர் கறைக்கு இந்த ஸ்பாஞ்சே தேவையில்லை என்பது என் முடிவு. பெர்மனென்ட் மார்க்கர் மை என்பது சாயமும் கொஞ்சம் பிசினும் சேர்ந்து ஆல்கஹாலில் கரைந்திருப்பது. ஆல்கஹால் ஆவியானதும் சாயம் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி ஆல்கஹால் பட்டால் இளகிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பருத்தித் துணியின் முனையில் நனைத்து, கறையின் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் மை ஏறியதும் சுத்தமான பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த மையையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். ஷட்டர் செங்குத்தாக நிற்பதால் ஸ்பிரிட் வழிந்து ஓடும். அதற்குக் கொரோனா காலத்து ஹேண்ட் சானிடைசர் ஜெல் அருமையான மாற்று. அதிலும் ஆல்கஹால்தான், ஆனால் கெட்டியாக ஒட்டி நின்று, மை இளக நேரம் கொடுக்கிறது. எங்கள் வார்ட்ரோபின் புகைவண்டி பெட்டி பெட்டியாகக் கழன்று வந்தது இந்த ஜெல்லில்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. பிசுபிசுப்பு மிஞ்சினால் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் சரி. கிச்சன் கேபினட் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஸ்பிரிட் ஆவி நெருப்பை இழுக்கும்.

ஸ்பிரிட் கைவசம் இல்லையென்றால் ஒயிட்போர்டு மார்க்கரால் கறைமேல் எழுதி, காயும் முன் துடைத்துப் பாருங்கள். அதிலும் ஆல்கஹால் இருக்கிறது. பழைய மையை இளக்கித் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடும். சன்மைக்காவில் இது நன்றாக வேலை செய்கிறது.

பச்சை மரத் துண்டில் ஸ்பாஞ்ச் படுதோல்வி. மை நார் வழியே உள்ளே இறங்கிவிட்டது. ஸ்பிரிட் அதை இன்னும் பரப்பத்தான் செய்கிறது. கெட்டி மரமாக இருந்தால் உப்புத்தாள் போட்டு மேல்தோலை எடுத்துவிடலாம். வெனீராக இருந்தால் அந்த எண்ணமே கூடாது. அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான், தாள் இறங்கினால் பிளைவுட் பல்லைக் காட்டும். பியு பாலிஷ் துண்டில் ஸ்பாஞ்ச், சன்மைக்காவில் செய்ததையேதான் செய்தது. துணி முனையில் கொஞ்சமாக எடுத்த ஸ்பிரிட்டை அந்தப் பாலிஷ் தாங்கியது. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டையும் பாலிஷ் போட்ட எந்த மரத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

தாத்தா காலத்துத் தேக்கு பீரோ, சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை இருக்கும் வீடுகள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷ்தான் இருக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி உருண்டையால் பூசிப் பூசி ஏற்றுவது அது. மார்க்கர் கறையை இளக்கும் அதே ஸ்பிரிட், பாலிஷையும் இளக்கிக் கையோடு கொண்டுவந்துவிடும். எங்கள் பக்கத்துப் பாலிஷ்காரரிடம் கேட்டபோது, "ஸ்பிரிட்டை மட்டும் கிட்ட கொண்டுவராதீங்க சார், வெளுத்துப் போயிரும்" என்று முதல் வார்த்தையாகச் சொன்னார். உங்கள் மரத்தில் இருப்பது அரக்குப் பாலிஷா என்று சந்தேகமா? கால்மரத்தின் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுக்கென்று ஒட்டினால் அரக்குதான்.

இந்த ஒரு இடத்தில்தான் மேஜிக் ஸ்பாஞ்ச் மேல் எனக்கு மரியாதை வந்தது. பாலிஷ்காரர் கொண்டுவந்த பழைய நாற்காலிக் கையில் மார்க்கர் கோட்டை, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சின் மூலையால், அழுத்தமே கொடுக்காமல் தேய்த்து எடுத்தேன். கறை பாலிஷின் மேற்பரப்பிலேயே நின்றிருந்ததால் மரம்வரை போகத் தேவைப்படவில்லை. அந்த இடம் மங்கத்தான் செய்தது. அவர் பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து, அரக்குக் கரைசலில் தொட்டு, அதன்மேல் எட்டு வடிவில் சில ஓட்டம் ஓட்டினார். புதுப் பாலிஷில் உள்ள ஸ்பிரிட் பழைய அரக்கை இளக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லை. சன்மைக்காவில் மங்கிய இடத்துக்கு இப்படி ஒரு வழி கிடையாது. ஷட்டரைக் கழற்றி ஷீட்டையே மாற்ற வேண்டும், அதே டிசைன் கடையில் இன்னும் இருந்தால்.

இன்னொன்று. மார்க்கர் பிடித்த பிள்ளையின் கையிலும் கன்னத்திலும் மை இருக்கும். அதற்கு இந்த ஸ்பாஞ்சைத் தொடவே கூடாது. தோலை உரசிச் சிவக்கவைத்துவிடும். சோப்பு போதும், ரெண்டு நாளில் தானாகப் போய்விடும். தேய்த்து உதிர்ந்த துகள்களும் பிளாஸ்டிக்தான், சிங்க்கில் கழுவிவிடாமல் துணியில் வழித்துக் குப்பையில் போடுங்கள். பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'எல்லாப் பரப்புகளுக்கும்' என்று போடும் இடத்தில், 'பளபளப்பான சன்மைக்காவுக்கும் குழந்தைகளின் தோலுக்கும் ஆகாது' என்று அதே கொட்டை எழுத்தில் அச்சடித்தால் அடுத்த பாக்கெட்டும் வாங்குவேன்.